கரும்புக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டை: புதிதாகத் தயாரிக்கத் தொடங்குபவர்களுக்கு

கரும்பு நான்கு மாதம் தாண்டிவிட்டால் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைய முடியாது. இடைக்கணுப்புழு தன் வேலையைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். தாய் அந்து இலையில் முட்டை வைக்கும். பொரித்த புழு கொஞ்ச நாளிலேயே கணுவுக்குள் துளைத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் எந்த மருந்தை அடித்தாலும் அதன் மேல் படாது. எனவே முட்டையிலேயே கதையை முடிக்க வேண்டும். அதற்குத்தான் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற குட்டிக் குளவி. நீளம் அரை மில்லிமீட்டர் இருக்கும். புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். வெளியே வருவது புழுவாக இருக்காது, இன்னொரு குளவியாக இருக்கும்.

தமிழ்நாட்டில் பல சர்க்கரை ஆலைகளும் வேளாண் துறையின் ஆய்வகங்களும் இந்தக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டி விவசாயிகளுக்குக் கொடுக்கின்றன. தனியாகவும், மகளிர் குழுவாகவும் செய்பவர்கள் உண்டு. பெரிய முதலீடு தேவையில்லை என்று கேள்விப்பட்டு நிறைய பேர் இதில் இறங்குகிறார்கள், பாதியில் விட்டுவிட்டும் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் விடுவது குளவியால் அல்ல, அதற்குத் தீனியாகும் அந்துப்பூச்சியால்தான். நீங்கள் நடத்தப்போவது உண்மையில் ஒரு அந்துப்பூச்சிப் பண்ணை. நாள் முழுக்க உங்களை வேலை வாங்கப்போவது அதுதான். குளவி வளர்ப்பு அதன் கடைசி ஒரு வாரம் மட்டுமே. ஆகவே இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் அந்தைப் பற்றித்தான் இருக்கும்.

அந்த அந்துக்குப் பெயர் கார்சிரா, அரிசி அந்துப்பூச்சி என்றும் சொல்வார்கள். அரிசி, ரவை, கம்பு மாவு என்று வீட்டில் வைத்திருப்பதில் நூலாம்படை கட்டிக் கட்டியாக்கும் அதே பூச்சி. வயலில் புழுவின் முட்டையைத் தேடிச் சேகரித்துக் குளவிக்குக் கொடுக்க முடியாது என்பதால், தானியத்தில் லட்சக்கணக்கில் பெருக்க முடிகிற இதன் முட்டையைக் கொடுக்கிறோம். குளவிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

முதலில் பயிர்க்கணக்கு, பிறகு பேசின்

அறை பார்ப்பதற்கும், அந்து வளர்க்கும் அகலப் பாத்திரமான பேசின் வாங்குவதற்கும் முன்னால் யாருக்கு, எத்தனை ஏக்கருக்கு, எந்த மாதம் அட்டை கொடுக்கப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கெடும் சரக்கு. குளவி முட்டை வைத்த ஏழெட்டு நாளில் அட்டை பொரித்துவிடும். 10 டிகிரி குளிரில் வைத்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் நம்பக் கூடாது. தயாரித்து வைத்துவிட்டு ஆள் தேடினால் அலமாரியிலேயே பறந்து செத்துக் கிடக்கும்.

இந்தத் தொழிலில் முட்டைக்கு அளவு சி.சி.தான், அதாவது கன சென்டிமீட்டர். ஒரு சி.சி.க்கு ஏறக்குறைய 16,000 முதல் 20,000 முட்டை. இடைக்கணுப்புழுவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு ஒரு முறைக்கு 2.5 சி.சி. அதாவது ஏக்கருக்கு ஒரு சி.சி. நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை கட்ட வேண்டும்.

50 ஏக்கருக்கு ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 15 நாளுக்கு 50 சி.சி. அட்டை. அடுத்த சுற்றுக்குக் குளவி தரும் தாய் அட்டையாக நிறுத்திக்கொள்வது ஒரு எட்டு, ஒன்பது சி.சி. ஆக 60. இதை ஒரே நாளில் தர நினைக்காதீர்கள். தோட்டங்களைப் பிரித்து, நாளைக்கு மூன்று நான்கு ஏக்கர் என்று சுற்றில் விட்டால் உங்களுக்குத் தேவை நாளொன்றுக்கு 4 சி.சி. மட்டும். நூறு ஜோடி அந்து, முட்டையிடும் நான்கு நாளில் ஏறக்குறைய 1.5 சி.சி. கொடுக்கும் என்பது புத்தகக் கணக்கு. அப்படியானால் தினமும் 270 ஜோடி, அதாவது 540 அந்து வேண்டும். நன்றாக வந்த ஒரு பேசினில் 2,500 அந்து வரை கிடைக்கும். ஆனால் ஒன்றாக வராது, ஒன்றரை மாதத்துக்குப் பரவி வரும், நாளுக்கு ஐம்பது, அறுபது என்று. ஆகவே ஒரே சமயத்தில் பத்து பேசினாவது அந்து விட்டுக்கொண்டிருக்க வேண்டும். புத்தகக் கணக்கை அப்படியே நம்பாமல் பன்னிரண்டு, பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை போட்ட பேசினில் அந்து வரத் தொடங்க 35 முதல் 40 நாள். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அறுவடை. வாரம் இரண்டு பேசின் வீதம் போட்டுக்கொண்டே வந்தால் பன்னிரண்டாம் வாரம் ரேக்கில் 24 பேசின் நிற்கும், அதில் பாதி அந்து விடும். அந்த நிலைக்கு வந்த பிறகுதான் தேதி சொல்லி அட்டை கொடுக்க முடியும். நடுப்பட்டத்தில் பிப்ரவரி நடுவில் நட்ட கரும்புக்கு ஜூன் நடுவில் முதல் அட்டை கட்ட வேண்டுமானால், முதல் பேசினை மார்ச் மாதமே போட்டிருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் போட்டாலும் ஏதோ வரும், ஐம்பது ஏக்கருக்குப் போதாது. இதில் இன்னொரு சங்கடம், பண்ணை வளர்ந்து வரும் நேரமும் அக்னி நட்சத்திரமும் ஒன்றாக வந்து சேரும்.

அறை

இரண்டு அறை தனித்தனியாக வேண்டும். ஒன்று அந்துக்கு, ஒன்று குளவிக்கு. நடுவில் ஒரு கதவு மட்டும் இருந்தால் போதாது. குளவி அந்து அறைக்குள் வந்துவிட்டால் நீங்கள் சேர்க்கும் முட்டையை அதுவே எடுத்துக்கொள்ளும். ஜன்னலுக்குக் கொசுவலை பத்தாது, இன்னும் நெருக்கமான வலையோ துணியோ கட்ட வேண்டும்.

இரண்டு அறைக்கும் 26 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் என்பது இலக்கு. இரண்டு டிகிரி கூடக் குறைய இருக்கலாம். ஓட்டு வீடு, மரநிழல், தடித்த சுவர் இருந்தால் ஆண்டில் பெரும்பாலான நாள் சமாளித்துவிடலாம். சித்திரை, வைகாசியில் அப்படி நடக்காது. ஈரச் சாக்கு தொங்கவிடுவது பழைய வழி, சூடு குறையும்தான், ஆனால் ஈரம் ஏறிக் கம்பில் பூஞ்சையும் சிலந்திப்பேனும் பிடிக்கும். குளவி அறைக்காவது சின்ன ஏ.சி. ஒன்று போட்டுவிடுங்கள். பணத்தை எங்கே செலவு செய்வது என்று கேட்டால் நான் சொல்லும் முதல் பதில் அதுதான், இரண்டாவது எக்ஸாஸ்ட் ஃபேன்.

அரிசி ஆலை, தானியக் கிடங்கு, ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்காதீர்கள். தப்பிப் போகும் ஒவ்வொரு அந்தும் அங்கே போய்க் குடித்தனம் நடத்தும். அங்கிருந்து மாவு வண்டும் உங்களிடம் வரும்.

பேசின் போடுவது

ஒரு பேசினுக்கு 2.5 கிலோ கம்பு. மாவாக்கக் கூடாது, ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாக உடைந்தால் போதும். கடையில் வாங்கும் கம்பில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. கிடங்கில் புகைமூட்டம் போட்டிருந்தாலோ, விதைக்காக மருந்து கலந்திருந்தாலோ உங்கள் புழு ஒன்றுகூட மிஞ்சாது. புது மூட்டை வந்தால் ஒரு கைப்பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டு, கொஞ்சம் முட்டை தூவி, பத்து நாள் பாருங்கள். நூல் கட்டத் தொடங்கினால் மூட்டை நல்லது.

உடைத்த கம்பை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். ஓவன் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பெரிய வாணலியில் கருகாமல் வறுக்கலாம். கம்புக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வண்டு, பேன், பூஞ்சை எல்லாவற்றையும் ஒழிப்பதுதான் நோக்கம். நன்றாக ஆறிய பிறகு பேசினில் கொட்டி, ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலைப் பருப்பு 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகத் தூள் 5 கிராம் கலக்க வேண்டும். கடலை கொழுப்புக்கு, ஈஸ்ட் புரதத்துக்கும் வைட்டமினுக்கும், கந்தகம் பேனுக்கு. பாக்டீரியாவைத் தடுக்க 0.05 சதவீத ஸ்ட்ரெப்டோமைசின் கரைசலைக் கொஞ்சம் தெளிக்கவும் குறிப்புகள் சொல்லும். பயிற்சிக்குப் போகும் இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதன்படி செய்யுங்கள்.

இதன் மேல் அரை சி.சி. கார்சிரா முட்டையைப் பரவலாகத் தூவி, காடாத்துணியால் மூடி, விளிம்பில் ரப்பர் பேண்டோ நாடாவோ இறுக்கிக் கட்டுங்கள். துணியில் சின்ன ஓட்டை இருந்தாலும் வேண்டாம். பேசின் பக்கத்தில் தேதி, மூட்டை எண், எத்தனை சி.சி. போட்டது என்று எழுதி ஒட்டுங்கள். ரேக்கின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும், தண்ணீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் நல்லது. எறும்பு ஒரு ராத்திரியில் ஒரு பேசின் முட்டையைக் காலி செய்துவிடும்.

அப்புறம் ஒரு மாதம் திறந்து பார்க்கக் கை அரிக்கும். திறக்காதீர்கள். துணி வழியாகப் பார்த்தாலே தெரியும். மூன்றாம் வாரம் மேற்பரப்பெல்லாம் வெள்ளை நூல் படர்ந்து, கம்பு கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்தால் நன்றாக வளர்கிறது. பேசினைத் தொட்டால் லேசான சூடு தெரியும், ஆயிரக்கணக்கான புழு உள்ளே இருக்கிறதே. சூடு அதிகமாகத் தெரிந்தால் ரேக்கில் இடைவெளி விடுங்கள். புளித்த வாடை அடித்தால் அந்தப் பேசினை அன்றே வெளியேற்றுங்கள், மற்றதுக்குப் பரவும் முன்.

அந்து பிடிப்பது

காலையில்தான் பிடிக்க வேண்டும், குளிர்ந்த நேரத்தில் அந்து மந்தமாகத் துணியில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் டெஸ்ட் டியூபை மேலே கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். நாளுக்கு ஐந்நூறு என்றால் அது கட்டுப்படியாகாது, வேக்வம் கிளீனர் பொருத்திய உறிஞ்சு கருவி வேண்டும். குழாயின் நடுவில் வலை கட்டிய டப்பா இருக்கும், அந்து அதில் தங்கிவிடும். உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் இறக்கை கிழிந்த அந்துதான் கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தின் இறக்கையிலிருந்து உதிரும் செதில் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் நிற்கும். இதைத் தினமும் சுவாசிப்பவர்களுக்கு மூக்கொழுகல், கண்ணெரிச்சல், வீசிங் என்று வரும். சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்குப் பயன்படாது, என்-95 வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் வெளிப்புறத்தில் ஈரத்துணிப் பை கட்டினால் தூள் அக்கம்பக்கம் போகாது. ஆஸ்துமா உள்ளவரை இந்த அறையில் வேலைக்கு வைக்காதீர்கள், குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் மாஸ்க் வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு.

பிடித்த அந்தை முட்டையிடும் டிரம்மில் விடுங்கள். அடிப்பக்கம் கம்பிவலை வைத்த பிளாஸ்டிக் டிரம், மேலே துணி மூடி. தேனையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, அதில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையைக் கீறி விட்டு, பஞ்சில் நனைத்து உள்ளே தொங்கவிட வேண்டும். ராத்திரியில் முட்டையிடும். முட்டை வலை வழியாகக் கீழே விரித்த தாளில் விழும், வலையில் ஒட்டியதை மென்மையான பிரஷால் தள்ளிவிடலாம். நான்கு நாளுக்குப் பிறகு முட்டை மிகவும் குறையும், டிரம்மைக் காலி செய்துவிட்டுப் புதிய அந்து விடுங்கள்.

தாளில் முட்டை மட்டும் இருக்காது, செதில், கால், உடைந்த இறக்கை எல்லாம் கலந்திருக்கும். 15, 30, 40 கண் சல்லடைகளில் வரிசையாகச் சலித்து, பிறகு சாய்த்துப் பிடித்த தாளில் மெல்ல உருட்டிவிட்டால் முட்டை உருண்டு ஓடிவரும், தூசி தாளிலேயே நிற்கும். சுத்தமான புது முட்டை முத்து வெள்ளையாக இருக்கும். இதில் வாரம் ஒரு சி.சி. எடுத்து அந்த வாரத்து இரண்டு பேசினுக்கு முதலில் ஒதுக்குங்கள். ஆர்டர் நெருக்கும்போது இந்த ஒரு சி.சி.யையும் அட்டையில் போடத் தோன்றும். போட்டால் நாற்பது நாள் கழித்து ரேக் காலியாக நிற்கும்.

அட்டையும் குளவியும்

அட்டைக்குப் போகும் முட்டையைப் புறஊதா விளக்கின் கீழே, இரண்டடி தூரத்தில், 20 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். உள்ளே கரு செத்துவிடும், ஆனால் குளவிக்கு உணவாக முட்டை அப்படியே இருக்கும். இதைச் செய்யாவிட்டால் குளவி தொடாமல் விட்ட முட்டையிலிருந்து கார்சிரா புழு வந்து, பக்கத்தில் இருக்கும் கறுத்த முட்டைகளைத் தின்னும். விளக்கு எரியும்போது பார்க்கக் கூடாது, கையையும் நீட்டக் கூடாது. பெட்டிக்குள் வைத்து, கதவைத் திறந்தால் விளக்கு அணையும்படி சுவிட்ச் போடச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை.

தடித்த அட்டையில் 10 சதவீத அரபிக் கோந்துக் கரைசலைப் பிரஷால் மெல்லிசாகத் தடவி, முட்டையைத் தேநீர் வடிகட்டியில் போட்டு ஒரே அடுக்காகத் தூவ வேண்டும். கோந்து அதிகமானால் முட்டை அதில் மூழ்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த முட்டை வீண். காய்ந்ததும் அட்டையைச் சாய்த்துத் தட்டினால் ஒட்டாதது உதிரும். தோட்டத்தில் கிழித்துக் கட்ட வசதியாக அட்டையில் முன்கூட்டியே துண்டுக்கோடு போட்டு வையுங்கள்.

இப்போது தாய் அட்டை. தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஏற்கெனவே குளவி வைத்துக் கறுத்து, இன்றோ நாளையோ பொரிக்கப்போகும் அட்டை ஒரு பங்கு, புது முட்டை ஒட்டிய அட்டை ஆறு பங்கு. இரண்டையும் பாலிதீன் பையில் போட்டு, உள்பக்கம் தேனை ஊசி முனையால் கோடாகத் தடவி, வாயைக் கட்டி, வெளிச்சம் சீராகப் படும் இடத்தில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வந்தால் எல்லாக் குளவியும் அந்த மூலையில் குவிந்துவிடும், அங்கே உள்ள முட்டையில் மட்டும் திரும்பத் திரும்ப வைக்கும். உறையை அதிகமாகப் போட்டாலும் இதே கதை. ஒரே முட்டையில் இரண்டு மூன்று குளவி வளர்ந்து, இறக்கை விரியாத சோப்ளாங்கிகளாக வெளியே வரும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். தாய்க்குளவி ஒரு முட்டையின் மேல் ஏறி, உணர்கொம்பால் தட்டித் தட்டி ஒரு சுற்று நடந்து வரும். பிறகு ஒரே இடத்தில் நின்று, வயிற்றின் நுனியைக் கீழே அழுத்தி, அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில்தான் முட்டை உள்ளே இறங்குகிறது. வெறுமனே மேலே ஓடிக்கொண்டு, எதிலும் நிற்காமல் இருந்தால் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் முட்டை பழசாக இருக்கும், அல்லது சரியாகச் சுத்தம் செய்யாததால் செதில் மூடியிருக்கும்.

இரண்டாம் நாள் தாய் அட்டையை எடுத்துவிடலாம். நான்காம் நாளில் முட்டை கறுக்கும். சாம்பல் இல்லை, நல்ல கறுப்பு. குளவிப்புழு உள்ளே கூட்டுப்புழுப் பருவத்துக்கு நெருங்கும்போது இந்த நிறம் வரும். ஏழாம், எட்டாம் நாள் வட்டமான சின்ன ஓட்டை போட்டுக் குளவி வெளியே வரும். ஆக, கறுத்த பிறகு உங்கள் கையில் இருப்பது மூன்று, நான்கு நாள். அந்த நேரத்துக்குள் தோட்டத்துக்குப் போக வேண்டும், அல்லது கறுத்த உடனே 10 டிகிரிக்குப் போக வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதானால் கீழ்த்தட்டு, காய்கறிப் பக்கம். ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைத்தால் மொத்தமும் போச்சு.

ஒவ்வொரு நாள் தயாரிப்பிலும் ஒரு சின்னத் துண்டைக் கண்ணாடிக் குழாயில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நூறு முட்டையில் எத்தனை கறுத்தது, எத்தனை பொரித்தது, அதில் பெண் எத்தனை, இறக்கை சரியாக இருக்கிறதா என்று எண்ண வேண்டும். 90க்கு மேல் கறுத்து, அதில் பத்துக்கு ஒன்பது பொரித்தால் நல்ல சரக்கு. பெண் பாதிக்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். இந்தக் குளவியில் ஆணோடு சேராத பெண் இடும் முட்டையெல்லாம் ஆணாகத்தான் வரும், ஆணால் புழுவின் முட்டையைத் தேடிக் கொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கார்சிரா முட்டையிலேயே பழகிய குளவிக்குத் தோட்டத்தில் தேடும் துடிப்பும் குறையும். சீசனுக்கு ஒரு முறையாவது கரும்பு இலையில் கறுத்த முட்டைக்கூட்டத்தைத் தேடி எடுத்து வந்து அதிலிருந்து புது உறை தொடங்குங்கள், அல்லது கோவையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்திலோ புதிதாக வாங்குங்கள். முதல் தாய் அட்டையையும் அங்கேதான் வாங்க வேண்டும். பயிற்சியும் கிடைக்கும். படித்துவிட்டு மட்டும் தொடங்காதீர்கள், சல்லடையைப் பிடிக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

உள்ளே நுழையும் திருடர்கள்

அந்து அறையின் மிகப் பெரிய எதிரி இன்னொரு நன்மை செய்யும் பூச்சி, பிரக்கான் குளவி. தென்னையில் கருந்தலைப்புழுவுக்கு இதைத்தான் வளர்த்து விடுகிறார்கள். அங்கே நண்பன். உங்கள் பேசினுக்குள் வந்துவிட்டால் கார்சிரா புழுவைக் கொட்டி மயக்கி, அதன் மேலேயே முட்டையிட்டுக் குடும்பம் பெருக்கும். துணியின் அடியில் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள் கொத்தாகத் தெரிந்தால் வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பேசினை அறைக்குள் திறக்காதீர்கள், மூடியபடியே பாலிதீன் பையில் கட்டி வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்துக் கொல்லுங்கள். நாலு பேசின் போகிறதே என்று வருத்தப்பட்டு வைத்திருந்தால் இருபத்து நாலும் போகும். தென்னைக்கும் ஒட்டுண்ணி வளர்க்க ஆசை இருந்தால் அதற்குத் தனிக் கட்டடம், தனி ஆள்.

பேன் வந்தால் பேசின் விளிம்பில் மாவு போல நகரும். கந்தகம் போதாமல் போயிருக்கும் அல்லது அறையில் ஈரம் ஏறியிருக்கும். சிவப்பு மாவு வண்டு வந்தால் கம்பைச் சரியாகச் சூடாக்கவில்லை. பல்லியும் சிலந்தியும் விளக்குமாற்று வேலைதான்.

தொண்ணூறு நாள் தாண்டிய பேசினில் எஞ்சியதைக் கோழிக்குப் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். கந்தகமும் மருந்தும் கலந்தது, வேண்டாம். நல்ல வெயிலில் காய வைத்து உயிர் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு எருக்குழியில் புதையுங்கள்.

தோட்டத்தில் கட்டுவது

விவசாயியிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும் என்று இருக்காதீர்கள், முதல் முறை கூடப் போங்கள். பொரிப்பதற்கு முந்தின நாள், காலையோ மாலையோ, துண்டாக்கி இலையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் போட்டோ நூலால் கட்டியோ விட வேண்டும். இந்தக் குளவி தூரம் பறக்காது. சுமார் பத்து மீட்டருக்கு ஒரு துண்டு என்று தோட்டம் முழுக்கப் பரவ வேண்டும். வரப்போரத்தில் நாலு இடத்தில் மட்டும் கட்டிவிட்டு வருவது ரொம்பச் சகஜமாக நடக்கிறது, நடுத்தோட்டம் சும்மா கிடக்கும். மழைக்காலத்தில் பேப்பர் கப்பைக் கவிழ்த்து அதனுள் ஒட்டிக் கட்டலாம். எறும்பு ஓடும் தோகையில் கட்டாதீர்கள்.

ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை, அதாவது காய்ந்த தோகை உரிப்பார்கள். அதுவே இடைக்கணுப்புழுவின் முட்டையைக் குறைக்கும் வேலைதான். உரித்த பிறகு அட்டை கட்டுங்கள், முன்னால் கட்டினால் உங்கள் அட்டையும் சோகையோடு கீழே போகும். அட்டை கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம், பத்து நாள் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

வெளியூருக்கு அனுப்புவதானால் தெர்மாகோல் பெட்டி, செய்தித்தாளில் சுற்றிய ஐஸ் பேக், ராத்திரி பஸ். பகல் பஸ்ஸின் மேல்கூரையில் போன அட்டையில் எதுவும் பொரிக்காது.

நெல்லுக்கும் இதே மாதிரி அட்டை போகும், அளவு கூடுதல், முறைக்கு ஹெக்டேருக்கு 5 சி.சி. தண்டுத்துளைப்பானுக்கு ஜப்பானிகம் என்ற வேறு இனம், நட்ட 30, 37ஆம் நாட்களில். இலைச்சுருட்டுப்புழுவுக்குக் கைலோனிஸ், 37, 44, 51ஆம் நாட்களில். சம்பாவுக்கு ஆர்டர் பிடித்தால் கரும்பு ஓய்ந்த பிறகும் ரேக் சும்மா இருக்காது. இரண்டு இனத்தையும் ஒரே அறையில் வைத்தால் கலந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்து என்ன

கார்சிரா கைவந்துவிட்டால் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வளர்க்கலாம், அதன் புழுவுக்கும் இதே முட்டைதான் உணவு. ஒன்றை ஒன்று தின்னும் என்பதால் ஒவ்வொரு புழுவையும் தனித்தனிச் சின்னத் தடுப்பில் வைக்க வேண்டும், அதனால் ஆள்கூலி ஏறும். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுக்குக் கார்சிரா தேவையில்லை, பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை ஏற்றி அதன் மேல் வண்டை விட்டால் போதும். 2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பிறகு மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, 2010ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அதற்கான மாவுப்பூச்சியை வளர்க்க முளைவிட்ட உருளைக்கிழங்கு பயன்பட்டது. அந்த ஒட்டுண்ணி தோட்டத்தில் தானே நிலைத்துக்கொண்டது. டிரைக்கோகிரம்மாவை அப்படி விட்டுவிட முடியாது, ஒவ்வொரு சீசனும் கட்ட வேண்டும். தொழிலாகப் பார்த்தால் உங்களுக்கு வசதிதான்.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், மெட்டாரைசியம் போன்ற நுண்ணுயிர்களும் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அது வேறு தொழில். அட்டைக்குப் பதிவு தேவையில்லை. நுண்ணுயிர் மருந்து 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வரும். விற்க வேண்டுமானால் ஃபரீதாபாத்திலுள்ள மத்தியப் பதிவுக் குழுவில் பதிவும், மாநில வேளாண் துறையின் தயாரிப்பு உரிமமும் வேண்டும். கிருமி நீக்கிய வளர்ப்பு ஊடகம், தனி ஆய்வக அறை, ஒரு கிராமில் எத்தனை உயிர் என்று எண்ணும் சோதனை எல்லாம் சேர்ந்தே வரும். பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டாமல் விற்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம்.

சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் என்றால் எளிது. பதிவு பெற்ற டிரைக்கோடெர்மா ஒரு கிலோ வாங்கி, நன்கு மக்கிய தொழு உரம் 100 கிலோவில் கலந்து, நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உதிராத அளவுக்கு ஈரம் வைத்து, சாக்கால் மூடி, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை கிளறிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் குவியலில் பச்சைப் பூஞ்சை படரும், அப்போது வயலில் போடலாம். குவியலை அந்து அறைக்குத் தள்ளியே வையுங்கள். மெட்டாரைசியம், பிவேரியா வகைகளைத் தொட்டால் குளித்து உடை மாற்றாமல் அந்து அறைக்குள் போகாதீர்கள். பூச்சியைக் கொல்லும் பூஞ்சை அவை, கார்சிராவும் பூச்சிதான்.